கல்லூரி கம்ப்யூட்டர் கிளப்பும் குந்தாரப்பள்ளி கூட்டுரோடும்

கல்லூரி வளாகத்தில் நடக்கும் கம்ப்யூட்டர் கிளப்புக்கு அந்தக் கல்லூரியில் படிக்காதவர்களும் வந்து உட்காரும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதுதான். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. ஐஎல்யூஜிசி என்ற சுருக்கப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதன் மாதாந்திரக் கூட்டம் பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் ஐஐடி மெட்ராஸில், கஜேந்திரா சர்க்கிள் அருகே ஏரோஸ்பேஸ் துறையின் வகுப்பறை ஒன்றில் நடந்தது. கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம், சொல்ல விஷயம் இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஜேஇஇ எழுதாமல் ஐஐடி வகுப்பறை பெஞ்சில் உட்கார இருந்த சில வழிகளில் அது ஒன்று.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, குழு ஐஐடியின் சொத்தாக இல்லை என்பது. ஐஐடி கொடுத்தது அறை, மின்சாரம், புரொஜெக்டர். கூட்டத்தை நடத்தியவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், வேறு கல்லூரி மாணவர்கள், சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். பேச்சின் தலைப்பை எந்தத் துறைத் தலைவரும் முடிவு செய்யவில்லை. ஒரு மாணவர் தலைமுறை பட்டம் வாங்கிப் போனாலும் அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு குழு தாக்குப்பிடித்ததற்கு லினக்ஸ் மீதான பற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. இப்படிக் கல்லூரியிலிருந்து அரை அடி தள்ளி நின்றதும் காரணம்.

சாதாரணக் கல்லூரி கிளப்பின் ஆயுளோடு ஒப்பிட்டால் இது புரியும். இரண்டாம் ஆண்டில் ஆர்வமுள்ள நாலு பேர் சேர்ந்து தொடங்குவார்கள். மூன்றாம் ஆண்டில் போஸ்டர், டி-ஷர்ட், ஹேக்கத்தான் எல்லாம் நடக்கும். இறுதியாண்டில் பிளேஸ்மெண்ட் வந்ததும் கிளப் ஜூனியர்கள் கைக்குப் போகும், அல்லது யார் கைக்கும் போகாது. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு வந்தால் கூட்டம் நிற்கும். உள்ளே இருக்கும் மாணவர்களுக்கே இப்படியென்றால், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒருவர் இதை நம்பித் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க மாட்டார். கிளப்பை ஊருக்குத் திறப்பதில் முதல் சிக்கல் இந்த நம்பகத்தன்மைதான். பாடத்திட்டம், புரொஜெக்டர், இணைய வேகம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

உலக அளவில் இப்படி ஊருக்குத் திறந்த கிளப்புகள் 1970-களிலேயே இருந்தன. கலிபோர்னியாவின் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கராஜில் முதன்முதலாகக் கூடியது. கூட்டம் பெருத்ததும் ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கி மையத்து அரங்குக்கு இடம் மாறியது. ஸ்டீவ் வோஸ்னியாக் தன் ஆப்பிள்-1 பலகையைக் காட்டியது இந்தக் கிளப்பில்தான். அங்கும் பல்கலைக்கழகம் அரங்கைத் தந்தது. கிளப் ஊர்க்காரர்களுடையதாகவே இருந்தது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் லைசேட்டர் சங்கம் வேறு மாதிரி. 1973-இல் மாணவர்கள் தொடங்கியது அது. கைவிடப்பட்ட ஒரு டேட்டாசாப் டி21 கம்ப்யூட்டர் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தச் சங்கத்தின் சர்வரில்தான் 1992-இல் ரூனபெர்க் திட்டம் பிறந்தது. வடஐரோப்பிய மொழிகளின் பழைய நூல்களை யாரும் படிக்கும்படி மின்வடிவில் ஏற்றும் வேலை அது, இன்றும் நடக்கிறது. ஊர்க்காரர் யாரையும் வளாகத்துக்குள் வரச் சொல்லாமலே ஊருக்குத் திறந்துவிட்ட கிளப் என்று இதைச் சொல்லலாம்.

இன்னும் பொருத்தமான பாடம் கிளீவ்லாந்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இருந்த டாம் கிரண்ட்னர் 1984-இல் ஒரு தொலைபேசி வழிக் கணினிச் சேவையைத் தொடங்கினார். மக்கள் மருத்துவச் சந்தேகங்களைத் தட்டச்சு செய்து வைக்கலாம். மருத்துவர் பதில் எழுதுவார். அதற்கு வந்த கூட்டத்தைப் பார்த்து 1986-இல் கிளீவ்லாந்து ஃப்ரீநெட் உருவானது. ஊரில் யாரும் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். மின்னஞ்சல், அரட்டை, வழக்கறிஞரிடம் கேள்வி, வாகன மெக்கானிக்கிடம் கேள்வி எல்லாம் அதில் உண்டு. பொதுமக்களுக்கு இணையம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம். அமெரிக்காவின் மற்ற ஊர்களும் இதைப் பார்த்து ஃப்ரீநெட் தொடங்கின. 1999-இல் பல்கலைக்கழகம் அதை மூடியது. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலுக்கு அந்த மென்பொருள் ஈடுகொடுக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்குள் வணிக இணையச் சேவைகள் பெருகியிருந்தன என்பதும் உண்மை. ஆனால் கருவி, மென்பொருள், முடிவு மூன்றும் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்ததால், மூடும்போது ஊர்க்காரர்களால் வருத்தப்பட மட்டுமே முடிந்தது.

பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் விழுப்புரம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, அதாவது விஜிலக், எந்தப் பெரிய பல்கலைக்கழகத்தையும் சாராமல் பத்தாண்டுக்கும் மேலாக இயங்குகிறது. ஞாயிறுதோறும் கூடுவது, சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி நிரல் எழுதப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. காஞ்சிபுரத்திலும் இதுபோன்ற குழு உண்டு. அந்த வட்டத்திலிருந்து வந்த த. சீனிவாசன் முதலானோர் 2012 ஜனவரியில் தொடங்கியதுதான் கணியம் மின்னிதழ். லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றை எளிய தமிழில் படிக்க வேண்டும் என்றால் இன்றும் பலர் அங்கேதான் போகிறார்கள். மாநகரம் அல்லாத ஊர்களில் கிளப் நடக்காது என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களே பதில்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தினருக்கு இன்னும் அருகில் பெங்களூரு இருக்கிறது. பன்னேர்கட்டா சாலைப் பக்கம் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். ஐடி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் வார இறுதியில் வந்து, பழைய கணினிகளில் கட்டற்ற மென்பொருளை ஏற்றி, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொண்டது ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளை. நிரல் எழுதுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கும் கிளப்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கிராமம் என்று வரும்போது இரண்டு பழைய முயற்சிகளை விட்டுவிட முடியாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்து தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. மையம் அமையும் இடத்துக்குள் எல்லாச் சாதியினரும் தடையின்றி வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது கடல் அலை எவ்வளவு உயரம் என்ற செய்தியை. அது கணினியில் வந்து இறங்கியது; ஆனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஒலிபெருக்கி வழியாக. மற்றொன்று 2001 வாக்கில் மதுரை மேலூர் வட்டாரத்தில் ஐஐடி மெட்ராஸின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தோடு வந்த சாரி திட்டம். கிராமம் கிராமமாக இணைய கியாஸ்க்குகள் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அவற்றில் பல மூடப்பட்டன. தொழில்நுட்பம் இரண்டு இடத்திலும் வேலை செய்தது. வித்தியாசம், ஊர் கேட்டதைக் கொடுத்ததா, கொடுக்க முடிந்ததை ஊர் வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்ததா என்பதில் இருந்தது. மேலூரில் கியாஸ்க் நடத்தியவரின் மாத வருமானமும் ஒரு காரணம்; சம்பளம் எதிர்பார்க்காத கிளப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பாடங்களைப் பொருத்திப் பார்க்க ஓர் இடம் குந்தாரப்பள்ளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், வேப்பனப்பள்ளிக்கு ரோடு பிரியும் இடம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது. பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆந்திர, கர்நாடக வியாபாரிகளும் வந்து இறங்குவார்கள். பக்கத்தில் குருபரப்பள்ளி சிப்காட்; அங்கே டெல்டா எலக்ட்ரானிக்ஸ் போன்ற கம்பெனிகள். மேலே போனால் சூளகிரி, ஓசூர். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன். வேப்பனப்பள்ளி ரோட்டில் போனால் சிறிது தூரத்தில் இரண்டு மாநில எல்லைகள். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கல்யாண உறவு கன்னடத்தில், பக்கத்துத் தெருவில் உருது என்பது இங்கே சர்வசாதாரணம். 1994-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் பர்கூரில் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகள் கிருஷ்ணகிரியில். அதியமான் போன்ற தனியார் பொறியியல் கல்லூரிகள் ஓசூர்ப் பக்கம். கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கும் இடம் என்பதால், வளாகத்துக்கு வெளியே கால் வைக்க நினைக்கும் எந்தக் கிளப்புக்கும் இது வசதி.

இந்த மாவட்டத்துக்கு கிராமத்துக் கணினி வேலை புதிதல்ல. 2000-களின் பிற்பகுதியில், சந்தோஷ் பாபு ஆட்சியராக இருந்தபோது, ஃபாஸ்டெரா என்ற கிராமப்புற பிபிஓ இங்கே தொடங்கப்பட்டது. அது அரசு முன்னின்று செய்தது. வேலைவாய்ப்பு அதன் நோக்கம். கிளப்பின் கணக்கு வேறு. அது வேலை தர முடியாது. தருவதாகச் சொன்னால் அடுத்த மாதமே பெயர் கெட்டுவிடும்.

அப்படியானால் இந்த ஊருக்கு என்ன தேவை? கான்ட்ராக்டில் வேலை செய்யும் இளைஞரின் பிஎஃப் பணச் சிக்கல் முதலில் வரும். இரண்டு மூன்று கான்ட்ராக்டர் மாறியிருப்பார். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பிஎஃப் பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும். வீட்டில் தெலுங்குப் பெயர் என்றால் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று ஆவணத்தில் மூன்று விதம். பெயர் பொருந்தாவிட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். இதைச் சரிசெய்ய என்ன விண்ணப்பம், எந்த வரிசையில் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். பொறியியல் மாணவருக்கு இது கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரியே தெரியாது. ஆனால் இரண்டு தரவுத்தளங்களில் ஒரே மனிதன் இரண்டு பேராக இருப்பது என்ன சிக்கல் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இது நன்றாக விளக்கும்.

அடுத்தது நிலம். பட்டா, சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எல்லையோரக் குடும்பத்துக்கு நிலம் ஒரே மாநிலத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. குப்பம் பக்கம் தாய்வீட்டுப் பங்கு இருந்தால் ஆந்திரத்தின் மீபூமி தளம், பங்காருபேட்டைப் பக்கம் என்றால் கர்நாடகத்தின் பூமி தளம். ஒன்று தெலுங்கில், ஒன்று கன்னடத்தில். கன்னடத்தில் பஹணி என்றால் என்ன, அது நம்மூர் அடங்கலுக்கு எந்த அளவு ஒப்பு என்பதைச் சொல்ல கிளப்பில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஓசூர்ப் பக்கக் கல்லூரிகளில் அப்படி ஒரு மாணவரைத் தேட வேண்டியதில்லை, வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள். மூன்று மொழி தெரிவது இங்கே பெருமைக்குரிய திறமையாக யாருக்கும் தோன்றுவதில்லை. கிளப் அதற்கு மதிப்பு கொடுக்கலாம்.

மோசடி பற்றிய வகுப்புக்குத்தான் அதிகக் கூட்டம் வரும். சந்தையில் ஆட்டை விற்றவருக்குப் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போவது, பணம் வர பின் நம்பர் போடுங்கள் என்பது, கடன் செயலி, டிஜிட்டல் கைது என்று வகை வகையாக இருக்கிறது. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை என்ற ஒரு வரியும், ஏமாந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்ற இன்னொரு வரியும் மனதில் பதிந்தால் போதும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

இவை தேவைகள். கிளப் வெறும் சேவை மையமாகிவிட்டால் அதற்கும் இ-சேவை மையத்துக்கும் வித்தியாசம் இருக்காது, மாணவர்களும் சலித்துப்போவார்கள். கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு வேறு கதவு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் பழக ஸ்கிராட்ச் இருக்கிறது. தட்டச்சுக்குத் தமிழ்99 இருக்கிறது. அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் பேட்டரி போய்ப் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றி எழுப்பிக் கொடுப்பது கிளப்பின் முதல் வேலையாகவே இருக்கலாம். கருவி வாங்கும் செலவும் மிச்சம்.

சிப்காட்காரர்களுக்கு வேறொன்று. கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினில் ஆபரேட்டராக இருப்பவர் பெரும்பாலும் ஜாப் மாட்டி, பட்டன் அழுத்தி, அளவு பார்ப்பதோடு நிற்பார். ஆஃப்செட் மாற்றுவது செட்டரின் வேலை. புரோகிராம் எழுதுபவர் இன்னும் மேலே. ஆபரேட்டர் செட்டராக, பிறகு புரோகிராமராக ஏறுவதற்கு, மெஷினுக்குக் கட்டளை எழுதும் ஜி-கோட் தெரிய வேண்டும். கம்பெனி மெஷினில் பழக முடியாது. தப்பாகப் போனால் டூல் உடையும், வேலையும் போகும். லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற மென்பொருள் மெஷின் இல்லாமலே கணினித் திரையில் ஓடிக்காட்டும். ஃப்ரீகேட் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் பாகத்தை வரைந்து அதைக் கொண்டே பழகலாம். இந்த வகுப்பில் பாதி பாடத்தை நடத்தப்போவது ஆபரேட்டர்தான். லேத்தைக் கண்ணால் பார்க்காத கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு எக்ஸ், இசட் அச்சு எந்தப் பக்கம் என்று அவர்தான் காட்ட வேண்டும். கிளப்பை ஊருக்குத் திறப்பதில் கிளப்புக்குக் கிடைக்கும் லாபம் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

நடைமுறைச் சங்கதிகளில் பெரியது வாசல். வாட்ச்மேன் கேட்கும் ஐடி கார்டு இல்லாதவர் உள்ளே வர கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு ஓர் அனுமதிக் கடிதமும், வருகைப் பதிவேடும் வேண்டும். லேபைத் திறக்க ஞாயிற்றுக்கிழமை வரும் உதவியாளரின் சம்மதம் வேண்டும். பல கல்லூரிகளில் திட்டம் நின்றுபோவது இந்தச் சின்ன இடத்தில்தான். விருந்தினருக்கு இணையம் தனியாக இருக்க வேண்டும், கல்லூரியின் உள்வலையைத் தொடக்கூடாது. கட்டண மென்பொருட்களின் கல்வி உரிமம் பெரும்பாலும் அந்தக் கல்லூரியினருக்கு மட்டுமே செல்லும் என்பதால், வெளியாட்கள் வரும் வகுப்பில் கட்டற்ற மென்பொருளே வழி. இத்தகைய குழுக்கள் எல்லாம் லினக்ஸ் குழுக்களாகவே இருப்பதற்குக் கொள்கையோடு இந்த வசதியும் ஒரு காரணம்.

மாணவர்கள் வெளியே போவதற்கு அதிகாரப்பூர்வமான வழிகள் ஏற்கெனவே உண்டு. 1969 முதல் நடக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரி ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்க வேண்டும். மரம் நடுவதும் பேரணி போவதும் இந்த மணிக்கணக்கில் சேரும்போது, பிஎஃப் கிளெய்ம் சொல்லிக்கொடுப்பதும் சேரலாம். இடத்துக்குக் கிளை நூலகத்தையோ அரசுப் பள்ளியையோ கேட்கலாம். சுதந்திர இந்தியாவில் முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டும் ஊர்க்காரருக்கு அங்கே உட்கார உரிமை இருக்கிறது.

நேரம் பார்ப்பதும் முக்கியம். ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு நிலையான கிழமை என்று ஒன்று அமையாது. ஒரே வகுப்பை வாரத்தில் இரண்டு முறை, காலையிலும் மாலையிலும் வைத்தால்தான் அவரால் ஏதாவது ஒன்றுக்கு வர முடியும். பெண்களும் மாணவிகளும் வர வேண்டும் என்றால் பகல் பத்து மணிக்கு மேல் தொடங்கி, இருட்டுவதற்குள் வேப்பனப்பள்ளி பஸ் பிடிக்கும்படி முடிக்க வேண்டும். சிறுவர்கள் வரும் வகுப்பில் எப்போதும் பெரியவர் இருவராவது இருப்பது கட்டாயம். பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம்.

கிளப்பின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே கடைசியில் அதன் ஆயுளை முடிவு செய்யும். ஊர்ப் பக்கத்திலிருந்து நிரந்தரமாக இருக்கக்கூடிய இரண்டு பேர், உதாரணமாக ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு செட்டரும், நாள் குறிக்கும் பொறுப்பில் இருக்க வேண்டும். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். தேர்வு நேரத்தில் ஊர்க்காரர்களே கூட்டத்தை நடத்தட்டும். தலைப்பு கிடைக்காவிட்டால் டீ குடித்துவிட்டுப் பழைய லேப்டாப் ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டும். ஐஐடி வகுப்பறையில் நடந்ததும் விழுப்புரத்தில் நடப்பதும் இந்த ஏற்பாடுதான்.

பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் கல்லூரிகளில் கிளப் வைத்திருப்பவர்கள் அடுத்த பருவத்தின் முதல் கூட்டத்தை வளாகத்துக்கு வெளியே, குந்தாரப்பள்ளி போன்ற ஒரு கூட்டுரோட்டில் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குச் சந்தை, யாரும் வர மாட்டார்கள்.